உரியாத குரோம்

கருங்குழியில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டு உள்ளே திரும்பினால் லாரிப் பட்டறைகள் வரிசையாக வரும். அவை முடிகிற இடத்தில் பானுமதியின் பிளேட்டிங் பட்டறை. தகரக் கூரை, சுவரில் இரண்டு எக்ஸாஸ்ட் ஃபேன், தரையில் நீல நிற பிளாஸ்டிக் தொட்டிகள். பழைய மோட்டார் சைக்கிள்களின் மட்கார்டும் சைலன்சரும் ஹெட்லைட் வளையமும் துருவேறி அங்கே வந்து சேரும். பழைய குரோமை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டுக் கொடுப்பார்கள். ஆசிட் ஆவி பட்டால் அவள் கணவன் கலைவாணனுக்கு மூக்கிலிருந்து ரத்தம் வந்துவிடும். ஆகவே தொட்டி வேலை எல்லாம் பானுமதியுடையது. அவன் பட்டறையின் மறுகோடியில், காற்று வரும் பக்கமாக, பஃப் சக்கரத்தின் முன் உட்கார்ந்து பாலிஷ் மட்டும் போடுவான்.

புதுக் குரோம் போடுவதைவிடப் பழையதை எடுப்பதுதான் பானுமதிக்குப் பிடிக்கும். எடுக்கும்போதுதான் அந்த வண்டி எங்கே விழுந்தது, எந்த நசுங்கலை யார் பித்தளை வைத்து மூடினார்கள் என்பதெல்லாம் வெளியே வரும். மேக்கப் போட்ட ஆள் முகம் கழுவிவிட்டு வந்து நிற்பது போலிருக்கும் அவளுக்கு.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயத்தில் ஹேமந்த் வந்தான். கல்பாக்கத்தில் ஆராய்ச்சி மையத்தில் வேலை. சொந்த ஊர் பொள்ளாச்சிப் பக்கம். கார் டிக்கியிலிருந்து ஒரு பெட்ரோல் டேங்கையும் இரண்டு மட்கார்டுகளையும் இறக்கி வைத்தான். டேங்க் முழுவதும் ஒரு காலத்தில் யாரோ ஆசையாகக் குரோம் போட்டிருந்தார்கள். உப்புக் காற்று அதைத் தின்று, அம்மைத் தழும்பு போலப் புள்ளி புள்ளியாக்கியிருந்தது.

"குரோம் வேண்டாங்க்கா. எடுத்து மட்டும் குடுங்க. கறுப்பு பெயிண்ட் அடிக்கப் போறேன்" என்றான்.

"அதான் சரி சார். குரோம் மேலயே பெயிண்ட் அடிச்சா நிக்காது. அப்பளம் மாதிரி உரிஞ்சிகினு வந்துடும். வண்டி எங்க புச்சீங்க?"

"செய்யூர் தாண்டி, கடலோரக் குப்பத்துல. பன்னீர்செல்வம்னு ஒருத்தர் வீட்டுல, வலைக்கு அடியில கிடந்துதுங்க. கேட்ட உடனே குடுத்துட்டார். வீட்டுக்காரம்மா வர்றதுக்குள்ள எடுத்துட்டுப் போயிடுன்னு ஒரே அவசரம்."

அதில் ஏதோ சண்டை இருக்கிறது என்று பானுமதி நினைத்துக்கொண்டாள். வேறொன்றும் நினைக்கவில்லை.

மறுநாள் வேலையைத் தொடங்கினாள். டேங்கைக் கவிழ்த்து உள்ளே தங்கியிருந்த துருத் தண்ணீரை ஊற்றினாள். ஓட்டைகளை ரப்பர் கார்க்கால் அடைத்தாள். கொதிக்கும் காஸ்டிக்கில் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கி, நன்றாக அலசி, கம்பியில் மாட்டி ஆசிட் தொட்டியில் இறக்கினாள். சற்று நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு ஓரங்களில் நுரை கட்டும். சோடாவைத் திறந்தாற்போல ஒரு சத்தம் வரும். ஆசிட் மெல்லப் பச்சையாகும். குரோம் போனதும் அடியிலிருக்கும் நிக்கல் மங்கலான மஞ்சளில் தெரியும். அந்த நேரம் பார்த்து எடுத்துவிட வேண்டும். விட்டால் ஆசிட் இரும்பைத் தின்னத் தொடங்கிவிடும்.

எடுத்துப் பார்த்தபோது டேங்க் முழுதும் நிக்கல் மஞ்சளாக இருந்தது. பெட்ரோல் மூடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மட்டும் இரண்டு இடங்களில் குரோம் அப்படியே நின்றது. புள்ளியில்லை, துருவில்லை. நேற்றுத்தான் போட்டதைப் போலப் பளபளத்தது.

பிசுக்கு சரியாகப் போகவில்லை என்று நினைத்து, சலவைச் சோடாவைப் போட்டுத் தேய்த்து மறுபடியும் இறக்கினாள். மறுபடியும் அப்படியேதான் வந்தது. ஆனால் இந்த முறை ஓரங்கள் தெளிவாகியிருந்தன. ஒவ்வொன்றிலும் விரிந்த ஐந்து விரல்கள். கட்டைவிரல்கள் இரண்டும் உள்பக்கம் பார்த்திருந்தன. சின்னக் கைகள். செங்கல்பட்டில் நர்சிங் படிக்கும் அவள் மகள் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது அவள் கை அந்த அளவுதான் இருந்திருக்கும்.

"எதுனா கொழந்த எண்ணெக் கையோட தொட்டிருக்கும்" என்றான் கலைவாணன், அங்கிருந்தே.

"ஆசிட்டுக்குத் தப்பிச்ச எண்ணெய நீ எங்கனா பாத்துகீறியா?"

அவள் டேங்கை காஸ்டிக் தொட்டியில் தொங்கவிட்டு, ரெக்டிஃபயரில் பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிக் கரண்டைக் கொடுத்தாள். ஆசிட்டுக்கு மசியாத குரோம்கூட இதில் போய்விடும். மட்கார்டுகள் இரண்டும் சுத்தமாக உரிந்து வந்தன. டேங்க் மட்டும் அப்படியே இருந்தது. இரண்டு கைகளிலும் ஒரு விரல் நுனிகூடத் தேயவில்லை.

கடைசியில் கலைவாணனிடம் கொடுத்தாள். பஃப் சக்கரத்தில் அரைத்து எடுத்துவிடலாம் என்று அவன் டேங்கை மடியில் வைத்து மோட்டாரைப் போட்டான். போட்டவன் உடனே அணைத்தான். கையுறையைக் கழற்றினான்.

"பானு, இங்க வா. இது மேல கைய வெய்யி."

அவள் வைத்தாள். மழை ஈரத்தில் டேங்க் சில்லென்றிருந்தது. அந்த இரண்டு இடங்கள் மட்டும் சூடாக இருந்தன.

"பஃப் போட்டா சூடாகாம இன்னா?"

"நான் இன்னும் சக்கரத்துல காட்டவே இல்ல" என்றான் கலைவாணன். "யாரோ இப்பதான் கைய எடுத்த மாதிரி கீது."

பானுமதி தன் உள்ளங்கையை அங்கேயே வைத்திருந்தாள். எடுத்த மாதிரி இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. அந்தச் சூடு ஆறவில்லை. கீழே ஒரு கை இன்னும் இருப்பது போலவும், அதன்மேல் தன் கை கிடப்பது போலவும் இருந்தது. அவள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

டேங்கை ஒரு சாக்கில் சுற்றி, சுவரோரப் பலகையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். காலையில் வந்து பார்த்தபோது பலகைக்கு அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. மேலே தகரத்தில் ஒழுகல் கிடையாது. சாக்கும் அடிப்பக்கத்தில்தான் நனைந்திருந்தது. கலைவாணன் துடைப்பத்தால் தள்ளும்போது அந்தத் தண்ணீரிலிருந்து கழிச் சேற்றின் வாடை அடித்தது. மழைக்காலத்தில் உப்பங்கழி நிரம்பும்போது வருகிற அந்த வாடை. கருங்குழிக்குப் பக்கத்தில் எந்தக் கழியும் இல்லை.

பானுமதி ஹேமந்துக்கு போன் செய்தாள். "சார், கொஞ்சம் நேர்ல வந்து பாத்துட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமை காலை அவன் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தான். அவன் மனைவி சுஷ்மிதாவுக்கு அன்று வேலை நாள். ஹரிப்ரியா எல்.கே.ஜி. படிக்கிறவள், மஞ்சள் கவுன், கையில் பாதி தின்ற பிஸ்கட். வந்ததும் தொட்டிகளைப் பார்த்து, "இதுல மீன் இருக்கா ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

"மீன் இல்ல கண்ணு, அது எரியும். கிட்டப் போவாத" என்று சொல்லி பானுமதி அவளை வாசல் பக்கம் நிறுத்தினாள். அங்கேதான் மேஜைமேல் டேங்க் இருந்தது.

ஹேமந்த் குனிந்து பார்த்தான். திருப்பிப் பார்த்தான். நகத்தால் சுரண்டினான். "இந்த இடத்துல வேற உலோகம் வெச்சு ஒட்டுப் போட்டிருப்பாங்களோ? அதுமேல குரோம் வேற மாதிரி பிடிச்சிருக்கலாங்க" என்றான்.

"ஒட்டுன்னா ஓரத்துல கோடு தெரியும் சார். இதுல இல்ல."

"ஆமா, இல்லதான்." அவனும் யோசித்தான். "ஏதாவது இருக்கட்டும். பெயிண்ட் அடிச்சா மறைஞ்சுடும்." அப்படியே திரும்பி மகளைத் தூக்கினான். "பாப்பா, இதுதான் நம்ம வண்டி. நீ இங்க உக்காருவ, அப்பா பின்னால உக்காந்து ஓட்டுவேன்" என்று டேங்கின்மேல் உட்காரவைக்கப் போனான்.

அவள் உட்காரவில்லை. கால்கள் இரண்டையும் விறைத்துக்கொண்டு அவன் கையிலேயே தொங்கினாள்.

"இறக்கி விடுங்கப்பா."

"ஏன் கண்ணு?"

"இடமே இல்ல. அண்ணா உக்காந்திருக்கான்."

ஹேமந்த் சிரித்தான். "எந்த அண்ணா?"

"இந்த அண்ணாதான்." அவள் டேங்கைப் பார்த்து, பள்ளியில் பக்கத்துப் பையனிடம் பேசுவது போல, "தள்ளி உக்காரு" என்றாள். சற்றுப் பொறுத்து அப்பாவிடம் திரும்பினாள். "மாட்டானாம். கைய எடுக்கக் கூடாதாம்."

பஃப் சக்கரம் நின்றிருந்தது. கலைவாணன் எப்போது மோட்டாரை அணைத்தான் என்று பானுமதிக்குத் தெரியவில்லை. ஹேமந்த் மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். போட்டவுடன் அவன் முகம் மாறியது. அவன் சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. குழந்தையின் கவுனும் வயிற்றிலிருந்து முழங்கால் வரை ஈரம். மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. டேங்கின் மேற்புறத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கவுனில் மட்டும் அந்தச் சேற்று வாடை.

"அவன் டிரெஸ் ஃபுல்லா ஈரம்ப்பா" என்றாள் ஹரிப்ரியா. பயப்படவில்லை. கீழே விழுந்த பிஸ்கட்டுக்காகத்தான் அழ ஆரம்பித்தாள்.

ஹேமந்த் அவளைக் காருக்குள் கொண்டுபோய், வேறு துணி மாற்றி, கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தான். பிறகு இறங்கி வந்தான். கையில் அந்த ஈரக் கவுன் இருந்தது.

"அக்கா, இதை எனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியலைங்க. வித்தவரப் போய்ப் பார்க்கணும். நீங்களும் வர முடியுங்களா? தனியாப் போனா என்ன கேக்கறதுன்னே எனக்குத் தெரியாது."

பானுமதி கணவனைப் பார்த்தாள்.

"போய்ட்டு வா" என்றான் கலைவாணன். "இத்த இங்க வெச்சிகினு என்னால வேல செய்ய முடியாது."

ஞாயிறு மதியம் கிளம்பினார்கள். குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு ஹேமந்த் தனியாக வந்திருந்தான். டேங்கைச் சாக்கில் கட்டி டிக்கியில் வைத்தார்கள். பானுமதி முன்சீட்டில் உட்கார்ந்தாள். மதுராந்தகம் தாண்டி செய்யூர் சாலையில் திரும்பியதும் இரண்டு பக்கமும் நடவு வயல்கள், அதன் பிறகு மணல் காட்டில் சவுக்குத் தோப்புகள். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அவர்கள் பேசியதெல்லாம் மழையைப் பற்றித்தான்.

கழியின் மேல் புதிதாகக் கட்டிய உயரமான பாலம் கண்ணில் பட்டது. அதன் பக்கத்தில், தண்ணீர் மட்டத்தில், பழைய தரைப்பாலம் கிடந்தது. அடையாளத்துக்கு நட்ட கற்கள் மட்டும் வரிசையாகத் தலை நீட்டிக்கொண்டிருந்தன. பாலத்தை நெருங்கும்போது காருக்குள் "டிங், டிங்" என்று சத்தம் வந்தது. பானுமதி தன் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தாள். போட்டுத்தான் இருந்தாள்.

"உங்களுது இல்லைங்க" என்றான் ஹேமந்த். ஸ்டியரிங்குக்கு முன்னால் எரிந்த சிவப்பு விளக்கைக் காட்டினான். பின்சீட்டின் படம். நடுவில் ஒரு இடத்தில், ஆள் உட்கார்ந்திருக்கிறது, பெல்ட் போடவில்லை என்று காட்டியது.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். பின்சீட்டில் எதுவும் இல்லை. ஒரு பைகூட இல்லை.

சத்தம் வேகமாகிக்கொண்டே வந்தது. ஹேமந்த் காரைப் பாலத்தின் முகப்பிலேயே ஓரம் கட்டினான். பிறகு இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்தான். வெறும் சீட்டின் குறுக்கே பெல்ட்டை இழுத்தான். தோள்பட்டை வார் கழுத்தில் அறுக்காதபடி கீழே இறக்கிவிட்டு, மெதுவாகக் கொக்கியில் மாட்டினான். தினமும் தன் மகளுக்குச் செய்கிற பழக்கமாக இருக்க வேண்டும். அவன் கை தடுமாறவில்லை.

சத்தம் நின்றது. பாலத்தைத் தாண்டினார்கள்.

குப்பத்தில் ஃபைபர் படகுகளை மேலே ஏற்றிப் போட்டிருந்தார்கள். கடல் கலங்கிக் கிடந்ததால் யாரும் போகவில்லை. பன்னீர்செல்வம் தன் வீட்டுக்கு முன்னால் படகு எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாற்பதைத் தாண்டிய வயது. உப்பில் வெளுத்த புருவம். ஹேமந்தைப் பார்த்ததும் எழுந்தார். அவன் கையிலிருந்த சாக்கைப் பார்த்ததும் அவர் குரல் உயர்ந்தது.

"அத்த ஏன் இங்க கொண்டாந்த? வித்தது வித்ததுதான். எடுத்துகினு போப்பா."

"திருப்பிக் குடுக்க வரலைங்க. ஒண்ணே ஒண்ணு பாக்கணும் நீங்க." ஹேமந்த் அங்கே கவிழ்த்திருந்த மீன் பெட்டியின்மேல் டேங்கை வைத்துச் சாக்கை விலக்கினான்.

மஞ்சள் நிக்கலில் அந்த இரண்டு கைகளும் மினுங்கின. பன்னீர்செல்வம் பார்த்தார். கையிலிருந்த ஸ்பானரைத் துணியில் துடைத்து, எஞ்சின் பக்கத்தில் ஒழுங்காக வைத்தார். கடலைப் பார்த்து நடந்து போய்விட்டார்.

"அண்ணாத்த!" என்று பானுமதி கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை. படகுகளுக்கு அந்தப் பக்கம், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

என்ன செய்வதென்று இவர்கள் நின்றுகொண்டிருந்தபோது, இடுப்பில் அலுமினிய அன்னக்கூடையோடு ஒரு பெண் தெருவில் வந்தாள். செய்யூர் மார்க்கெட்டில் கருவாடு விற்றுவிட்டு வருகிறவள். வந்தவர்களை அவள் முதலில் பார்க்கவில்லை. டேங்கைத்தான் பார்த்தாள். அன்னக்கூடையை அப்படியே மணலில் இறக்கிவிட்டு, மீன் பெட்டியின் பக்கத்தில் மண்டியிட்டாள். இரண்டு உள்ளங்கைகளையும் அந்தக் கைகளின்மேல், தொட்டும் தொடாமலும் வைத்தாள். குழந்தையின் புறங்கைமேல் வைக்கிற மாதிரி.

"இன்னும் எறங்கலியாடா நீ?" என்றாள்.

பானுமதி அவளையே பார்த்தாள். இந்தப் பெண் இதைப் பார்த்து அதிர்ச்சி அடையவில்லை. தெரிந்த ஒருவனைத்தான் கேட்கிறாள்.

அவள் பெயர் ஜெகதாம்பாள், பன்னீர்செல்வத்தின் மனைவி. பானுமதி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தான் யார், எங்கிருந்து வருகிறேன், ஆசிட்டில் போட்டும் அந்த இடம் உரியவில்லை, குழந்தை என்ன சொன்னது என்று எல்லாம் சொன்னாள். ஜெகதாம்பாள் குறுக்கிடாமல் கேட்டாள். கையை மட்டும் எடுக்கவில்லை.

"எம்புள்ள தேவேந்திரன்" என்றாள் கடைசியில். "தேவா. ஒண்ணாப்பு பட்ச்சிகினு இருந்தான். அப்பன் வண்டில டேங்கு மேல குந்திகினுதான் போவான், வருவான். அந்த வருசம் மழ கொட்டு கொட்டுன்னு கொட்ச்சி. ஸ்கூல்லருந்து கூட்டியாறாரு. தரப்பாலத்துக்கு மேல தண்ணி. சுத்திகினு வரணும்னா மரக்காணம் ரோடு வரிக்கும் போவணும். இத்தினி தண்ணிதானன்னு எறக்கிட்டாரு. 'டேங்க கெட்டியா புச்சிக்கோ, நான் சொல்ற வரிக்கும் கைய எடுக்காத'ன்னு சொல்லிக்கீறாரு."

ஹேமந்த் தலை குனிந்துகொண்டான்.

"நடுவுல தண்ணி தள்ளிச்சி. இவர இழுத்துகினு போயி தாழம்பொதர்ல போட்ச்சி. வண்டிய மறுநாளுதான் சேத்துலருந்து எடுத்தாங்க. எம்புள்ள கைய எடுக்கலம்மா. அப்பன் சொன்ன பேச்ச அப்பவும் மீறல. விரலு விரலா பிரிக்க வேண்டியதாப் பூட்ச்சி."

பானுமதி கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒடம்ப எடுத்துகினு போயி பொதச்சிட்டாங்க. அவன் போவல. வண்டிலயே குந்திகினு கீறான். தெனம் காலைல டேங்குக்கு அடில தண்ணி நிக்கும். தொட்சி வுடுவேன். எறங்குடா, எறங்குடா கண்ணுன்னு எத்தினி தபா கூப்ட்டிருப்பேன். எறங்க மாட்டான். அப்பன்தான சொல்லணும்? இந்தாளு சொல்ல மாட்டேன்றாரு."

"ஏன்க்கா?"

"சொன்னா பூடுவான்ற பயம். கூட வெச்சிகினும் இருக்க முடியல, எறக்கி வுடவும் முடியல. நாலு நாளு எங்க அக்கா ஊட்டுக்குப் போனேன். அதுக்குள்ள வித்துட்டாரு. யாருக்கு வித்தாருன்னு கூட சொல்லல."

ஹேமந்த் எழுந்து படகுகள் பக்கம் போனான். பன்னீர்செல்வத்தின் அருகில் மணலில் உட்கார்ந்தான். அவன் என்ன பேசினான் என்று பானுமதிக்குக் கேட்கவில்லை. ஒரு சமயம் தன் தோளைத் தொட்டுக் காட்டினான்; குறுக்கே ஏதோ இழுத்து மாட்டுவது போலச் செய்தான். பன்னீர்செல்வம் அவனைத் திரும்பிப் பார்த்தார். நெடுநேரம் கழித்து இருவரும் எழுந்து வந்தார்கள்.

டேங்கிலிருந்து நான்கு அடி தள்ளியே அவர் நின்றுவிட்டார். லுங்கியில் கைகளைத் துடைத்தார். திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"என்னால முடியாது ஜெகதா."

"சொல்லுய்யா."

"சொல்லிட்டா அப்பால இன்னா கீது நமக்கு?"

ஜெகதாம்பாள் கோபப்படவில்லை. டேங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவனுக்குக் கை வலிக்கும்யா. எத்தினி வருசமா புச்சிகினு கீறான், பாரு."

பன்னீர்செல்வத்தின் வாய் கோணியது. அழுகை வரவில்லை, மூச்சுத்தான் இழுத்தது. மழை பொடித்தூறலாக விழ ஆரம்பித்தது. அவர் முன்னால் வந்து, பள்ளியிலிருந்து வந்த பிள்ளையை இறக்கிவிடும்போது வண்டியைப் பிடித்துக்கொள்வது போல, ஒரு கையால் டேங்கின் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டார்.

"தேவா" என்றார். சத்தம் எழவில்லை. இன்னொரு முறை சொன்னார். "தேவா. ஊடு வந்துட்ச்சிடா. போதும். கைய எடு. எறங்கு."

ஒன்றும் நடக்கவில்லை. மழை டேங்கின்மேல் பொட்டுப் பொட்டாக விழுந்தது.

பிறகு மணலில் "தொப்" என்று ஒரு சத்தம் கேட்டது. உயரத்திலிருந்து சின்னப் பிள்ளை குதித்தால் வருகிற சத்தம். நால்வருக்கும் கேட்டது. வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு ஒரு செவலை நாய் படுத்திருந்தது. அது தலையைத் தூக்கிப் பார்த்து, எழுந்து, வாலை ஆட்டிக்கொண்டே ஓரமாக நகர்ந்து வழி விட்டது.

ஜெகதாம்பாள் எழுந்தாள். வீட்டுக்குள் போய், திரும்பி நின்று, பின்னால் வருகிறவருக்காகக் கதவைப் பிடித்துக்கொள்வது போல ஒரு கணம் பிடித்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு சாத்தினாள்.

பன்னீர்செல்வம் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். "போவல" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. "போவல அவன்."

பானுமதி டேங்கைத் தொட்டுப் பார்த்தாள். எல்லா இடமும் ஒரே குளிர்ச்சி.

மறுநாள் காலை அதை ஆசிட்டில் இறக்கினாள். முதலில் அந்த இரண்டு இடங்களின் ஓரத்தில்தான் நுரை கட்டியது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரல்கள் நுனியிலிருந்து மங்கின; உள்ளங்கைகள் சுருங்கி, ஒரு பொட்டாகி, மறைந்தன. அலசிக் கொடுத்ததும் கலைவாணன் பஃப் போட்டான். வேலை முடிந்ததும் அவன் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான். அன்று வேறெந்த வேலையும் எடுக்கவில்லை.

ஹேமந்த் டேங்குக்குக் கறுப்பு பெயிண்ட் அடித்து வண்டியை ஓட்டத் தொடங்கினான். கல்பாக்கம் டவுன்ஷிப்புக்குள் சுற்றி வரும் ஒரு வீடியோவை பானுமதிக்கு அனுப்பியிருந்தான். ஹரிப்ரியா பின்சீட்டில் அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முன்னால் உட்கார வைப்பதில்லை என்று தனியாக எழுதியிருந்தான்.

மாசி மாதத்தில் ஒரு மாலை, உறவில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டு பானுமதியும் கலைவாணனும் ஸ்கூட்டரில் மாமல்லபுரம் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஈ.சி.ஆரில் கூட்டம். கார்கள் நிற்காமல் போய்க்கொண்டிருந்தன. சாலையோரத்தில் ஒருவர் குறுக்கே போவதற்காகக் காத்து நின்றார். வெள்ளைச் சட்டை, புது லுங்கி. பானுமதி பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொண்டாள். பன்னீர்செல்வம். அவர் பக்கத்தில் யாரும் இல்லை. இடது கையை மட்டும் கீழே தாழ்த்தி, விரல்களை மடக்கி, எதையோ பிடித்திருப்பது போல வைத்திருந்தார். அதனால் உடம்பு அந்தப் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருந்தது. இடதும் வலதும் பார்த்தார். பிறகு குனிந்து ஏதோ சொன்னார்.

கலைவாணன் அந்தக் குப்பத்துக்குப் போனதில்லை. அவரைப் பார்த்ததும் இல்லை. "இன்னா இந்தாளு, ஒரு பக்கமா சாஞ்சிகினு நிக்கறாரு? அடிபட்டுச்சா?" என்றான்.

"வண்டிய நிறுத்து" என்றாள் பானுமதி. "ரெண்டு பேரும் தாண்டட்டும்."

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். பிரேக் பிடித்தான். பின்னால் வந்த வேன் ஹாரன் அடித்தது. பன்னீர்செல்வம் சின்னச் சின்ன அடிகளாக வைத்து, அவசரப்படுத்தாமல், சாலையைத் தாண்டி அந்தப் பக்கம் போனார்.